முத்தழகியின் ஏழாவது குட்டி

வீல்...!

சண்முகவடிவு போட்ட அலறலில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. மேற்கு மாம்பலத்தில், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே ஆக வேண்டிய சந்து. அதன் கடைசி வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் கார் கிடையாது. வடிவின் நாய்ப் பண்ணைதான் உண்டு.

முதலில் ஓடி வந்தவர் கணவர் நெடுஞ்செழியன். மின்வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வீட்டில் வெங்காயம் உரிக்கிறவர். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"என்னாச்சு வடிவு? குட்டி எதுனா செத்துப் போச்சா?"

"இல்லங்க."

"திருடு போச்சா?"

"அதுவும் இல்ல."

"பின்ன எதுக்குக் கத்துன?"

வடிவு கோணிப் படுக்கையைக் காட்டினாள்.

"எண்ணிப் பாருங்க."

எண்ணினார். வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

ஏழு!

மத்தியானம் எடை போட்டபோது ஆறுதான் இருந்தன. ஆறு நாளைக்கு முன்னால் முத்தழகி ஈன்றதும் ஆறுதான்.

"லேட்டா ஒண்ணு போட்டிருக்குமோ?"

"ஆறு நாள் லேட்டாவா?"

நெடுஞ்செழியன் வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

முத்தழகி சுத்தமான ராஜபாளையம். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. ஊரில் உள்ளவர்களைக் கண்டால் உறுமும். வடிவைக் கண்டால் மட்டும் குழையும். இப்போது அது ஏழு குட்டிக்கும் பால் கொடுத்தபடி படுத்திருந்தது. கணக்கு வழக்கெல்லாம் மனுஷர்கள் பாடு என்கிற மாதிரி ஒரு முகம்.

ஏழும் வெள்ளை. ஏழுக்கும் கண் திறக்கவில்லை. ஏழும் ஒரே சைஸ்.

வெளியிலிருந்து வந்தது எது?

வழக்கமாக வடிவு ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் ஒரு கலர் கம்பளி நூல் கட்டி வைப்பாள். சிவப்பு எவ்வளவு குடித்தது, பச்சை எவ்வளவு ஏறியது என்று மூன்று வேளையும் எடை எழுதுவாள். இன்றைக்கு என்று பார்த்து நூல் இல்லை. நாலு மணிக்குப் போட்டோ எடுக்க வந்த சாய்நாத், படத்தில் கலர் நூல் தெரியக்கூடாது என்று ஆறையும் கத்தரித்துவிட்டுப் போயிருந்தார். எடையை வைத்துப் பார்க்கலாம் என்றால், எல்லாம் வயிறு முட்டக் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தன.

சாய்நாத் யார் என்று சொல்ல வேண்டும்.

மயிலாப்பூர் சாய்நாத். நாட்டு நாய் வளர்ப்போர் சங்கத்தின் செயலாளர். அவர் பதிவேட்டில் ஏற்றினால்தான் குட்டிக்குச் சாதிச் சான்றிதழ். ஏற்றாவிட்டால் ராஜபாளையமும் தெரு நாய்தான். அடையாறில் ஒருவர் வீட்டில் ஒரே ஒரு குட்டியின் முதுகில் காப்பிக் கலரில் நாலு முடி இருந்ததற்காக, கூடப் பிறந்த அத்தனையையும் ரத்து செய்த புண்ணியவான். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

அவர்தான் நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி வரப் போகிறார். எண்ணுவதற்கு!

எழுதிக் கொடுத்தது ஆறு. இருப்பது ஏழு. ஒன்று கலப்பு என்று தெரிந்தால் மொத்தமும் ரத்து.

இது முத்தழகியின் கடைசிப் பிரசவம். இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொல்லியாயிற்று. வடிவு இருபது வருடமாகக் கட்டிக் காத்த வம்சத்தில் முத்தழகிக்குப் பிறகு இந்த ஆறு குட்டிகள்தான். சான்றிதழ் இல்லாத குட்டியோடு எந்தப் பண்ணைக்காரனும் ஜோடி சேர்க்க மாட்டான். அந்த ரத்தம் இந்தச் சந்தோடு முடிந்துவிடும். நினைக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது.

அழுவதற்கு நேரமில்லை. பதினாறு மணி நேரம்தான் இருந்தது.

நெடுஞ்செழியன் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வேண்டாம் என்று வடிவு தடுத்தாள். கேட்டால்தானே?

ஸ்டேஷனில் ரைட்டர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இன்னா காணாம பூட்ச்சி?"

"எதுவும் காணாம போகல சார். ஒரு நாய்க்குட்டி கூட இருக்கு."

ரைட்டர் தலையைத் தூக்கினார்.

"கூட கீதா?"

"ஆமா சார். ஆறு இருந்துச்சு. இப்ப ஏழு."

"நைனா... காணாம போனா கேஸு. கூட கீதுன்னா அது லாபம். வூட்டுக்குப் போய்க்கினே இரு."

சட்டம் கைவிட்டது. விசாரணையை வடிவே கையில் எடுத்தாள்.

முதல் சந்தேகம் மகள் அறிவுச்செல்வி மேல். டி.நகரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. தெரு நாய்களுக்கு பிஸ்கட் போட்டே பாதிச் சம்பளத்தைத் தீர்ப்பவள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மா பிடித்துக்கொண்டாள். ஆனால் காலை ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை அவள் ஆபீஸை விட்டு நகரவில்லை என்று சத்தியம் செய்ய நாலு சிநேகிதிகள் போனில் வரிசையாக வந்தார்கள்.

இரண்டாவது சந்தேகம் நெடுஞ்செழியன். மூன்றிலிருந்து ஐந்து வரை அவர் ஹாலில் விட்ட குறட்டைக்கு எதிர் வீட்டுக்காரர்களே சாட்சி. அதுவும் போயிற்று.

மூன்றாவது சந்தேகம், மூன்று மணிக்கு வந்து முத்தழகிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போன நாய் டாக்டர் ஜுவேரியா. ஏழு மணிக்கு அவளை மறுபடி வரவழைத்தாள். நேரடியாகக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"டாக்டரம்மா... மத்தியானம் இங்க எதையாச்சும் வெச்சுட்டு மறந்துட்டீங்களா?"

"தெர்மாமீட்டரத்தான் மறந்து வெப்பேன் ஆன்ட்டி. நாய்க்குட்டிய இதுவரைக்கும் மறந்ததில்ல."

ஏழையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஜுவேரியாவும் உதட்டைப் பிதுக்கினாள். இந்த வயசில் எல்லாக் குட்டிக்கும் மூக்கு ரோஸாகத்தான் இருக்கும். வேற்றுக் குட்டியென்றால் மூக்கு கறுக்கும், ஆனால் அதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் அதிகம்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கறுக்குறதுக்கு மருந்து இருக்கா?"

"சாரி ஆன்ட்டி."

பேசாமல் சாய்நாத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றாள் அறிவு. அடையாறில் அந்த நாலு காப்பிக் கலர் முடியும் உண்மைதானே என்று வடிவு திருப்பிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஒன்பதே முக்கால்.

வடிவு ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஏழில் ஒன்றை ஒளித்துவிட வேண்டியது. ஆறைக் காட்டிவிட வேண்டியது. எது அசல், எது அந்நியன் என்பதை மூக்கு கறுக்கிறபோது பார்த்துக்கொள்ள வேண்டியது. இருபது வருடத்தில் அவள் செய்யப் போகும் முதல் கள்ளத்தனம்.

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கைக்கு வந்த குட்டியை எடுத்தாள். கூடையில் போட்டு, மேலே துண்டைப் போர்த்தி, சமையலறையில் மிக்ஸிக்குப் பின்னால் வைத்தாள். ஒருவேளை இதுவே முத்தழகியின் சொந்தக் குட்டியாக இருந்தால்?

காலிங் பெல்!

வாசலில் சாய்நாத். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஜோல்னாப் பை, கையில் பதிவேடு. கண் மட்டும் இரண்டு நாள் தூங்காத மாதிரி சிவந்திருந்தது.

காப்பி வேண்டாம் என்றார். நேராகக் குட்டிகளிடம் போய் நின்றார்.

"எத்தனை?"

"ஆறு சார்."

"ஆறா?"

"ஆறுதான் சார். எழுதிக் குடுத்தோமே."

"ஆறுதானா? நன்னா எண்ணிப் பார்த்தேளா?"

வடிவுக்கு வேர்த்தது. இந்த மனுஷனுக்கு மோப்பம் முத்தழகியை விட ஜாஸ்தி. தெரிந்துவிட்டது... எப்படியோ தெரிந்துவிட்டது! பொய் பழக்கமில்லாதவள். ஒரு பொய் தடுமாறியதும் முட்டுக் கொடுக்க இன்னொன்றைக் கொண்டு வந்தாள்.

"அது வந்து சார்... நேத்து எவனோ ஒரு தெருக் குட்டிய உள்ள விட்டுட்டான். நாங்க கண்டுபிடிச்சிட்டோம். காலையிலயே ஆட்டோக்காரர்கிட்ட குடுத்து, சைதாப்பேட்டை ஆத்தங்கரையில விட்டுடச் சொல்லிட்டோம். இப்ப இருக்கறது சுத்தமா ஆறு."

பதிவேடு கீழே விழுந்தது.

சாய்நாத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. இஸ்திரி போட்ட பேண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முத்தழகி உறுமியது. அவர் காதில் விழவில்லை. ஒவ்வொரு குட்டியாகத் தூக்கி, அதன் வாயருகே தன் சுண்டு விரலை நீட்டினார். முதல் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொட்டாவி விட்டது.

நாலாவது, விரலைக் கவ்விச் சப்ப ஆரம்பித்தது.

"இருக்கே... இங்கதான் இருக்கே..." சாய்நாத்தின் குரல் உடைந்தது. அடுத்த விநாடி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஐயோ, தப்பான குட்டிய அனுப்பிட்டேள்! உங்க குட்டிய ஆத்தங்கரைல விட்டுட்டேள்! ஆட்டோக்காரனுக்குப் போன் போடுங்கோ!"

யாரும் போன் போடவில்லை.

வடிவு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எது எங்க குட்டி, எது இல்லன்னு நேத்து சாயந்தரத்துலேருந்து எங்களுக்கே தெரியல. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

சாய்நாத் விரலை உருவப் பார்த்தார். குட்டி விடவில்லை.

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை காலை மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு தண்ணி லாரியில் தாய் நாய் அடிபட்டுப் போனது. பிளாட்பாரத்து ஓரத்தில் ஒரே ஒரு குட்டி முனகிக்கொண்டு கிடந்தது. கடந்து போக அவரால் முடியவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்து, இரவு முழுக்க விரலைப் பாலில் தோய்த்துத் தோய்த்துச் சப்பக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை மத்தியானம் குட்டி துவண்டு போயிற்று. மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வாரம் அவருக்குத் தெரிந்து பால் கொடுக்கிற நாய் ஒன்றே ஒன்றுதான். நாலு மணிக்கு வடிவு காப்பி போட உள்ளே போனபோது, ஜோல்னாப் பை திறந்தது. கலர் நூலைக் கத்தரித்ததும் அதற்காகத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"எப்படிக் கேக்கறது? ஈன்ற நாய்ண்ட வெளிக் குட்டிய விடப்படாதுன்னு ரூல் இருக்கே."

"யாரு போட்ட ரூலு?"

"நான்தான்."

"உங்க வீட்டுலயே வெச்சு வளத்திருக்கலாமில்ல?" என்றாள் அறிவு.

சாய்நாத் தலை குனிந்தார்.

"எங்காத்துல நாயே கிடையாதும்மா. என் ஆம்படையா ஜானுவுக்கு ஆகாது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமா நான் ஊரான் நாயைத்தான் பார்த்துண்டு இருக்கேன். ஒரு ராத்திரி பால் கிடைச்சாப் பொழைச்சுக்கும், காலம்பற நானே ஏழாவதைக் கண்டுபிடிக்கற மாதிரி கண்டுபிடிச்சு எடுத்துண்டு போயிடலாம்னு... உங்க குட்டிய இப்படிப் பண்ணிட்டேனே. நானே ஆத்தங்கரைக்குப் போறேன்."

எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப் போயிருந்தது. கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

வடிவுக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கத் தன்னை அலற வைத்த ஆள்தான். ஆனாலும் குட்டிக்காகத் தூங்காமல் கிடந்த கண் எப்படிச் சிவக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளே போனாள். கூடையோடு திரும்பினாள். துண்டை விலக்கியதும் உள்ளேயிருந்து ஒரு கீச்சுக் குரல். அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டபோது வடிவும் அழுதுவிட்டாள். முத்தழகி குட்டியை வாங்கிக்கொண்டு நக்க ஆரம்பித்தது.

"ஆட்டோவே போகல சார். நானும் பொய்தான் சொன்னேன்."

சாய்நாத் பெருமூச்சு விட்டார். பிறகு பதிவேட்டைத் தேடி எடுத்து, மளமளவென்று எழுத ஆரம்பித்தார். ஆறு குட்டி. ஆறும் சுத்த ராஜபாளையம். ஆறுக்கும் கையெழுத்து. அடையாறுக்கும் நாளைக்கே ஒரு நடை போய் அந்த நாலு முடியை மறுபடி பார்ப்பதாகத் தாமாகவே சொன்னார். யாரும் கேட்கவில்லை.

"இது..." என்று விரலைச் சப்பிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

"பால் மறக்குற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்," என்றாள் வடிவு. "ஆறோட ஏழா முத்தழகி பாத்துக்குவா. அப்புறம் எங்க போறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

சாய்நாத் சிரித்தார். மாம்பலத்தில் அதைப் பார்த்த சாட்சிகள் மூன்று பேர்.

நேற்று சந்தேகக் கேஸாக இருந்த நெடுஞ்செழியன், இதற்காகவே காத்திருந்தவர் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"ஏழாவதுக்கும் ஒண்ணு எழுதிடுங்க சார். அம்மா பேரு முத்தழகி, அப்பா பேரு சாய்நாத். சாட்சிக் கையெழுத்து மட்டும் ஜானு மேடத்துகிட்ட நானே போய் வாங்கியாந்துடறேன்."