பதினோராவது முக்கோணம்

“மலை மேல யாராவது இருக்காங்களாப்பா?”

“கூவல்பாறையிலயா? அட்டையும் கரடியும்தான்டா இருக்கு. அப்பா வரைஞ்சா தப்பா இருக்குமா?”

பத்து வருடங்களுக்கு முன், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து வந்த அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்ன பதில் அது. அன்று பள்ளிக்கூடப் பையனாக இருந்த கதிரேசன், இன்று அதே வேலைக்காக அதே மலையடிவாரத்தில் நின்றான். கையில், அப்பா பச்சை மையில் வரைந்த பழைய படம். அதில் கூவல்பாறை வெறும் காடு.

“பதினொரு வீடு இருக்கு சார்” என்றாள் வழிகாட்ட வந்த வெள்ளச்சி. அவளுக்கு அது சொந்த ஊர். “போன தடவ எங்கள விட்டுட்டாங்க. படத்துல இல்லாத ஊருக்கு ரோடு எதுக்குன்னு கேக்குறாங்க.”

இன்றுதான் கடைசி நாள். மாலைக்குள் புதிய படம் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால், இன்னும் பத்து வருடம் அந்த ஊர் இல்லாத ஊர்தான்!

கதிரேசன் அச்சிட்ட மலை வரைபடத்தில் ஸ்கேலை வைத்தான். “ரெண்டே கிலோமீட்டர். அரை மணி நேரத்துல ஏறிடலாம்!”

“ஸ்கேல் வழியில காக்காதான் போகும் சார்” என்று வெள்ளச்சி சிரித்தாள்.

அவனோடு கணக்கெடுப்புக்கு வந்த தோழி நஸ்ரின் படத்தை எட்டிப் பார்த்தாள். “சம உயரக் கோடெல்லாம் எப்படி நெருங்கி இருக்கு பாரு. அங்க செங்குத்துப் பாறைடா, மேதாவி!”

சுற்றித்தான் ஏறினார்கள். ஓடையைத் தாண்டும்போது நஸ்ரின் வழுக்கி விழுந்தாள். “கயிறு! கயித்தப் பிடி!” கதிரேசன் இழுத்தான், வெள்ளச்சி பாய்ந்து அவள் தோளைப் பற்றினாள். கரையேறி, காலில் ஒட்டிய அட்டைகளைப் பிய்த்தெறிந்துவிட்டு மறுபடி நடந்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்துக் கதிரேசன் வரைபடத்தைப் பார்த்து நின்றான். “இதுக்கு மேல கோடுகள் விலகுது. சமதளம். பக்கத்துலயே ஊற்று. தண்ணியும் தரையும் இருந்தா மனுஷன் இருக்கணும்!”

“இதைக் கண்டுபிடிக்கவா காலேஜுக்குப் போனீங்க?” என்றாள் வெள்ளச்சி.

புதர் விலகியது. சாமை வயல், அதை ஒட்டிக் கூரைகள். நஸ்ரின் கைதட்டிக் கூவினாள்!

சிமெண்ட் வீட்டுக்குச் சதுரம், மண் வீட்டுக்கு முக்கோணம். கதிரேசன் வீடு வீடாகப் போய் வரைந்தான். பத்து முக்கோணங்கள். சதுரம் ஒன்றுகூட இல்லை. பதினோராவது வீட்டின் கதவு வெளிப்புறம் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

“எங்கம்மா வீடு” என்றாள் வெள்ளச்சி. “போன தடவ வந்தவரு அடிவாரத்துலயே உக்காந்துட்டாரு. அம்மா இறங்கிப் போய்க் கஞ்சி குடுத்து, பதினொரு வீடுன்னு சொல்லிச்சு. குடிச்சிட்டு, காடுன்னு எழுதிட்டாரு. நாலு வருஷம் கழிச்சு, உடம்பு முடியாத அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தொட்டில் கட்டித் தூக்கிட்டு இறங்கினோம், ரோடு இல்லாததால. பாதி வழியிலயே உசிரு போயிடுச்சு.”

கதிரேசன் பழைய படத்தை மடித்தான், மறுபடி விரித்தான். “இந்தப் பச்சை மை... எங்க அப்பா.”

வெள்ளச்சி அந்தப் பச்சைக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, பதினோராவது முக்கோணத்துக்காகத் தாளைத் தொட்ட அவன் பென்சிலைக் கையால் மறித்தாள்.

“அவர எங்க தேடுறதுன்னு தெரியாம இந்தக் கோவத்த மனசுலயே வச்சிருந்தேன் சார். ஊரக் கணக்குல சேத்துடுங்க. ஆனா படத்துல இந்த ஒண்ண மட்டும் நீங்க போடாதீங்க. எத்தன நாளானாலும் உங்கப்பா ஏறி வந்து போடட்டும்.”