புதன்கிழமைக்காரன்

"யோவ்! கண்ணு தெரியலையா?"

கடைத்தெரு அஞ்சடி நடைபாதையில் நின்று புஷ்பவள்ளி போட்ட சத்தத்தில் புடவைக்கடை பொம்மைகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். விடிந்ததிலிருந்தே விடாத மழை... ரோட்டோரம் தேங்கிய தண்ணீரை மொத்தமாக வாரி அவள் மேல் இறைத்துவிட்டு, ஒரு பேக்டரி பஸ் சற்றுத் தள்ளிப் போய் நின்றது.

ஓட்டியவன் குதித்து ஓடி வந்தான்.

"சாரி மிஸ், சாரி லா! டிரைவர் லீவு. எனக்கு இவ்ளோ பெரிய வண்டி பழக்கமில்ல..."

"பழக்கமில்லாதவங்க எதுக்குங்க ஓட்டுறீங்க? பத்து மணிக்கு நகைக்கடையில இருக்கணும். இந்தக் கோலத்துல எப்படிப் போறது?"

இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் அந்தக் கண்கள்... உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். மழைத்துளி இமையில் நிற்க, அவன் துடைக்கவும் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்ட வந்த வார்த்தையெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

"ஏறுங்க மிஸ். வீட்டுக்குப் போய் துணி மாத்திக்குங்க, கடையில நானே கொண்டுபோய் விடறேன்."

பக்கத்து வீட்டு ருக்குமணி அக்கா தினமும் வேலைக்குப் போகிற சின்னையா கம்பெனி பஸ்தான். பயமில்லை. ஏறிவிட்டாள். அத்தனை பெரிய பஸ்ஸில் அவள் ஒருத்தி மட்டும், மகாராணி மாதிரி!

"கம்ப்யூட்டர் வேலையா? எந்த ஆபீஸ்?" கண்ணாடியில் அவளையும் அவள் கையிலிருந்த கம்ப்யூட்டர் புத்தகத்தையும் பார்த்துக் கேட்டான்.

"எந்த ஆபீஸும் இல்ல. நானேதான் ஆபீஸ். கடைகளுக்கு புரோகிராம் எழுதித் தர்றேன். ரோட்டைப் பாருங்க!"

அவன் பெயர் குணசீலன். சின்னையாவின் ஒரே மகன். பாயான் லெப்பாஸ் வட்டாரப் பேக்டரிகளில் ஷிப்டு மாறும்போதெல்லாம், எந்த பஸ் எந்தப் பெண்களை எங்கே ஏற்றுவது என்று அட்டவணை போட்டே அவனுக்குத் தலைமுடி கொட்டுகிறதாம். அதற்கு ஒரு புரோகிராம் கிடைக்குமா என்றான். கிடைக்கும் என்றாள். இப்படித்தான் சேற்றுத் தண்ணீரில் அவளுக்கு ஒரு வாடிக்கையாளர் கிடைத்தார்.

தொழிலில் புஷ்பவள்ளி கறார். திங்கள் நகைக்கடை, செவ்வாய் கிளினிக், வியாழன் பாத்திரக்கடை... ஒருவர் நாளில் இன்னொருவர் நுழைய முடியாது. காலியாக இருந்தது புதன். அது குணசீலனுக்குப் போனது. இன்னொரு சட்டமும் உண்டு. சொந்தக்காரர்களுக்கு வேலை செய்யவே மாட்டாள்! பெரியப்பா கடைக்கு ஒரு வருஷம் உழைத்தாள். 'நம்ம பொண்ணுதானே' என்று கடைசியில் ஒரு சட்டைத்துணி கொடுத்து அனுப்பினார். அதுவும் ஆம்பளைச் சட்டைக்கு.

இதைக் கேட்டு குணசீலன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரித்தவன்தான், போகப் போகப் புதன் மட்டும் போதாமல் பேஜரில் கூப்பிட ஆரம்பித்தான். என்னவோ ஏதோ என்று அவளும் போன் போடுவாள். "மிஸ், பிரிண்டர் சத்தம் போடுது." "பிரிண்டர்னா சத்தம்தான் போடும், மிஸ்டர் குணா." "இது சோகமா போடுது மிஸ்..." போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள். புதன்கிழமையானால் மட்டும் ஏன் மல்லிகைப்பூ வாங்கத் தோன்றுகிறது? அவளுக்கே விளங்கவில்லை. விளங்கிய நாளில் பயந்துபோனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவோடு பெண் கேட்டு வந்துவிட்டான் குணசீலன். காப்பித் தட்டோடு அவள் சந்தோஷமாக வந்தாள். அதற்குள் சின்னையா வாய் திறந்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு லா! இனிமே கம்ப்யூட்டருக்குப் பில்லு எதுக்கு? வீட்டுப் பொண்ணுதானே! மத்த கடையெல்லாம் விட்டுட்டு நம்ம பஸ்ஸை மட்டும் பார்த்துக்கிட்டா போதும்."

தட்டை மேசையில் வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள். நானா உண்டாக்கின தொழில் இது. அதை விட்டுட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் ஒரு வார்த்தை பேசுவான் என்று காத்திருந்தாள்... கார் கிளம்பும் சத்தம்தான் கேட்டது.

புதன்கிழமை வந்தது. வேலை வேறு, மனசு வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜெலுத்தோங்கில் இருந்த அவன் பஸ் டிப்போவுக்குப் போனாள். பூ வைக்கவில்லை. மழை மட்டும் அன்று போலவே கொட்டியது.

குணசீலன் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான். "இனிமே நீங்க வர வேண்டாம் மிஸ். வேற ஆளு பார்த்தாச்சு."

அவளுடைய மிகப் பெரிய வேலை இதுதான். அதுகூடப் பரவாயில்லை. இனி புதன்கிழமைக்கு அர்த்தமே இல்லையே...

"என் வேலையில என்ன குறை?"

"ஒண்ணுமில்ல. அப்பா பேசினது தப்பு. அன்னிக்கு வாயடைச்சு நின்ன நானும் தப்பு. அம்மா எங்க ரெண்டு பேரையும் வறுத்து எடுத்துட்டாங்க. அப்பா இறங்கி வந்துட்டாரு, ஆனா உங்க சட்டம் இருக்கே... சொந்தக்காரங்களுக்கு வேலை செய்ய மாட்டீங்க. அப்போ நான் ஒண்ணு க்ளையண்டா இருக்கணும், இல்ல..." இப்போதுதான் நிமிர்ந்தான். கண்கள் கலங்கியிருந்தன. "எனக்கு க்ளையண்டா இருக்க இஷ்டமில்ல, புஷ்பா."

முதல்முறையாக மிஸ் இல்லாமல் அவள் பெயர்! நெஞ்சு துள்ளியது. கூடவே கோபமும் துள்ளிக்கொண்டு வந்தது.

"நல்ல நியாயம்! அப்பா என்னைக் கேக்காம பில்லை நிறுத்துறாரு. மகன் என்னைக் கேக்காம வேலையையே நிறுத்துறீங்க. எனக்கு வாய் இல்லையா?"

அவன் முகம் சுருங்கிப்போனது.

"தப்புதான்... இப்போ கேக்குறேன். நீங்களே சொல்லுங்க."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"சட்டம் போட்டது நான். மாத்தறதும் நான்தான். அந்த வேற ஆளை வர வேண்டாம்னு சொல்லிடுங்க. மாசா மாசம் பில்லு வரும். உங்கப்பா பேருக்கே வரும்."

"சரி."

"என் மத்த க்ளையண்டு யாரையும் விட மாட்டேன்."

"விடவே வேண்டாம் லா."

"புதன்கிழமை வேலை நேரத்துல வேற பேச்சுக் கூடாது."

"சரி... அப்போ மத்த நாளு?"

கறாராக ஏதாவது சொல்லத்தான் வாயெடுத்தாள். வந்ததோ வேறு.

"மத்த நாளெல்லாம் உங்களைப் பார்க்காம என்னால இருக்க முடியலைங்க..."