ஆடுகல்லும் இருபத்துமூன்று வேண்டுதல்களும்

கைசர் ஜஹான் என்றால் உலகத்துக்கே அரசி மாதிரி ஒலிக்கும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரிக்குப் பத்து வயதுதான். அவளுடைய அத்தாவின் சைக்கிளைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவே. அரசி என்றால் ஒரு சிம்மாசனம் வேண்டாமா? அவளுக்கு ஒன்று இருந்தது. அது ஒரு கல்.

சைதாப்பேட்டையிலிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போகும் வழியில், அடையாற்றங்கரையில் அது உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு தட்டைப் பாறை. அதன்மேல் மாட்டுவண்டி அளவுக்கு ஓர் உருண்டைக் கல். யானை கட்டி இழுத்தாலும் கீழே விழாது. ஆனால் ஒரு சின்னப் பெண் தோளைக் கொடுத்துத் தள்ளினால் போதும், ஆடும். மெதுவாக, முன்னே, பின்னே.

பள்ளிக்கூடம் விட்டதும் கைசர் அதன்மேல் மல்லாந்து படுப்பாள். தோழி தங்கபுஷ்பம் கீழே நின்று தள்ளுவாள். அப்போது மேகம் நகர்கிறதா, கல் நகர்கிறதா, ஆறு நகர்கிறதா என்றே தெரியாது. கண் தானாகச் சொக்கிப்போகும். பிறகு தங்கபுஷ்பம் மேலே, கைசர் கீழே.

கல் எப்படி அங்கே வந்தது? பீமன் கோலி விளையாடிவிட்டுப் போட்டது என்பாள் திருநெல்வேலிக்காரி தங்கபுஷ்பம். ஒரு ஜின் தூக்கி வந்து, கை வலித்து, இறக்கி வைத்தது என்பாள் கைசர். இந்தச் சண்டை மட்டும் தீர்ந்ததே இல்லை.

ஆற்றில் பெருவெள்ளம் வந்துபோன அடுத்த வருஷம் அது. உலகமெங்கும் யுத்தம். புது ரோட்டுக்கு ஜல்லி வேண்டுமென்று, கரையிலிருந்த கற்களுக்கெல்லாம் தணிகாசலம் மேஸ்திரி சுண்ணாம்பால் குறி போட்டுக்கொண்டே வந்தார். ஆடுகல்லுக்கும் ஒரு குறி விழுந்தது.

கைசரின் தெருப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். இது ஆடும் கல், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார்கள்.

மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டார். "எங்க நைனா காலத்துலேர்ந்து ஆடுற கல்லுல உளி வெக்கிறதில்ல. அடி சரியா வுழாது, கைதான் போவும். வெள்ளிக்கிழமை வரேன். ஆடுச்சின்னா கெடக்கட்டும். ஆடலன்னா ஜல்லிதான்."

ஆடும் கல் ஆடாமலா போகும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை என்றாலும் சரி, காய்ச்சல் என்றாலும் சரி, ஆடுகல்லின் அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து வேண்டிக்கொள்வார்கள். வைத்த கல் விழுந்துவிட்டால் பலிக்காதாம். அதனால் வியாழக்கிழமை மாலை, இருபத்துமூன்று பேரும் ஆளுக்கொரு கல்லை இடுக்கில் செருகி, "நாளைக்கு ஆடணும்" என்று வேண்டிக்கொண்டார்கள். கைசர் தன் கல்லை இன்னொரு கல்லால் தட்டி இறுக்கினாள். அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி ஆட்களோடு வந்தார். கைசர் பெருமையாகத் தோளைக் கொடுத்தாள்.

கல் ஆடவில்லை.

தங்கபுஷ்பம் சேர்ந்து தள்ளினாள். எல்லோரும் தள்ளினார்கள். ஊஹூம்! மேஸ்திரிக்கே பாவமாகிவிட்டது. மற்றக் கற்களை முதலில் உடைக்கச் சொன்னார். இதை மத்தியானம் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உளிச்சத்தம் கணீர் கணீரென்று எழுந்தது.

கைசர் அங்கிருந்து நழுவினாள். யாரும் பார்க்காமல் அழ, வெள்ளம் அரித்த கரைச்சரிவில் போய் உட்கார்ந்தாள். அழுகை வந்தால் கை சும்மா இருக்காதே! பக்கத்திலிருந்த மண்ணைக் கிள்ளினாள். பழுப்பு நிறத்தில் புட்டு மாதிரி உதிர்ந்தது. அது மண்ணில்லை, இற்றுப்போன பாறை. இன்னும் கிள்ளினாள். உள்ளே ஏதோ கெட்டியாக, உருண்டையாகத் தட்டுப்பட்டது. அதன்மேல் வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்தது.

ஆடுகல் போலவே இன்னொரு கல், பாதி கரைக்குள்ளே! கைசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழையும் வெள்ளமும் மெத்தென்ற பாறையையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோக, இது வெளியே வந்துகொண்டிருந்தது. அப்படியானால் ஆடுகல்லைப் பீமனும் வைக்கவில்லை, ஜின்னும் வைக்கவில்லை. அது எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. சுற்றியும் அடியிலும் இருந்ததை மழை எடுத்துக்கொண்டது. இடுக்கு விழுந்தது. அதனால்தான் ஆடியது.

மழை எடுத்த அந்த இடுக்கில் நேற்று யார், எதை வைத்தார்கள்?

அவள் ஒரே ஓட்டமாக ஓடினாள். "புஷ்பம், வேண்டுதல் கல்லையெல்லாம் எடுக்கணும்! நாமதான் கல்லை ஆடவிடாம பண்ணிட்டோம்."

"ஏட்டி, எடுத்தா வேண்டுதல் பலிக்காதுல்லா?" தங்கபுஷ்பத்தின் முகம் சுருங்கிவிட்டது. மற்றவர்களும் தயங்கினார்கள். கைசருக்கும் பயம்தான். ஆனாலும் தன்னுடையதை முதலில் எடுத்தாள். குச்சியால் குடைந்து, நகம் உடைந்து, ஒருவழியாக வந்தது. அதைக் கீழே போடாமல் பாவாடை மடியில் கட்டிக்கொண்டாள். "யாரோட வேண்டுதலையும் தூக்கி எறியமாட்டேன். பத்திரமா வச்சிருப்பேன்."

பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்தன. ஒரு பக்கத்துக் கற்கள் வந்ததும் கல் அந்தப் பக்கம் இலேசாகச் சாய்ந்தது. மறுபக்கத்துக் கற்கள் தாமாகவே தளர்ந்தன. கைசர் எண்ணினாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று.

மேஸ்திரி சுத்தியலோடு வந்து நின்றார். கைசர் தோளைக் கொடுத்தாள்.

முன்னே. பின்னே.

மேஸ்திரி சுத்தியலைக் கீழே வைத்தார். தானும் ஒரு கையால் தள்ளிப் பார்த்தார். ஆடியது. இன்னொரு தடவை தள்ளினார், அது ஆசைக்கு. பிறகு தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, சுண்ணாம்புக் குறியைத் துடைத்தார். "கெடக்கட்டும்மா. ஆடிக்கினே கீது, பாரு."

அன்று மாலை, பக்கத்துப் பாறையில் இருபத்துமூன்று கூழாங்கற்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வேண்டுதல் பலித்துவிட்டது என்று தங்கபுஷ்பம் அவற்றுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைசர் மட்டும் சரிவில் இறங்கி, பாதி புதைந்திருந்த கல்லைத் தட்டிக்கொடுத்தாள். "நீ மெதுவா வா. மழை நெறைய இருக்கு."