இரும்புச் சட்டியில் கறுத்த கொடி

மாலைக் கதிரவன் வெள்ளாற்றின் நீர்ப்பரப்பைச் செம்பொன் நிறமாக்கிக் கொண்டிருந்த அவ்வேளையில், ஒரு மாத காலமாக முற்றுகையில் தவித்த நெடுங்கல் கோட்டையின் சபா மண்டபத்தில் கொடிக்காவலன் எழினிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

நெல் கொண்டுவரும் படகுகளுக்கு, துறை பத்திரமாக இருந்தால் மஞ்சள் கொடியும், அபாயமென்றால் கருங்கொடியும் காட்டுவது அக்கோட்டையின் வழக்கம். முந்தாநாள் இருட்டில் எழினி ஏற்றிய கொடி, பொழுது வெளுத்தபோது கறுப்பாகப் பறந்தது. அதை இறக்குவதற்குள் படகுகள் திரும்பிவிட்டன. கோட்டையில் அரிசியும் தீர்ந்தது. எழினி துரோகி என்று சபை முடிவு கட்டிவிட்டது.

உண்மை அறிந்தவள் தூணோரம் நின்ற சாயக்காரி அறிஞ்சிகை. அன்புள்ள வாசகர்களே, அரண்மனையில் மாதுளை முத்துக்களைச் சுவைத்தவர் பலர். அவர்கள் எறிந்த தோலைப் பொறுக்கி உலர்த்தியவள் இவள் ஒருத்திதான். அத்தோலை மண்பானையில் காய்ச்சிப் படிகாரம் சேர்த்தால் அருமையான மஞ்சள் வரும். இரும்பில் காய்ச்சினாலோ கறுத்துப்போகும். இதை அறியாதவளா அவள்? பழைய மஞ்சள் கொடி தீயம்பு பட்டு எரிந்துவிட்டது. புதியதற்குச் சாயம் காய்ச்சும்போது மண்பானை விரிசல் விட்டது. அவசரத்தில் மடைப்பள்ளி இரும்புச் சட்டியை எடுத்தாள். ஈரத்துணி இருண்டு தெரிந்தபோது, காய்ந்தால் வெளுக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு எழினியிடம் கொடுத்தாள்.

கொடி யார் தந்தது என்று எத்தனை முறை கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. தன்னை மணக்கவிருந்தவனின் அந்த மௌனம் யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நாளாக அவளுக்கு உறக்கமில்லை. தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

காவலர் அவனை இழுத்துச் செல்ல முற்பட்டபோது, முந்தானைக்குள் மறைத்திருந்த கறைபடிந்த விரல்களை நீட்டியபடி அறிஞ்சிகை அரசியின் முன்னே வந்தாள்.

"தேவி, கொடி கறுத்தது அடியாள் செய்த பிழை. இவர் பழி சுமக்கப் பார்த்துக்கொண்டு நின்றது அதனினும் பெரிய பிழை."

அவள் பொய் சொல்வதாக எழினி வாதாடினான். அரசி இளநங்கை அந்த விரல்களை நெடுநேரம் நோக்கினாள்.

"உன் வாக்குமூலம் பசித்த குழந்தைகளுக்குச் சோறாகுமா, பெண்ணே?"

"ஆகாது, தேவி. படகுகள் கீழ்த்துறையில்தான் ஒதுங்கியிருக்கும். இன்றே மண்பானையில் மஞ்சள் தோய்த்து, அதை இடுப்பில் கட்டி நீந்திப்போய் அழைத்து வருகிறேன். வராவிட்டால் என்னைத் தேட வேண்டாம். வந்தாலும் இவரை மணக்க மாட்டேன். அந்தத் தகுதியை நான் இழந்துவிட்டேன். இது வெள்ளாற்றின்மேல் ஆணை."

அரசி கண்ணசைக்க, காவலர் எழினியின் விலங்கைக் களைந்தனர். அவன் கை நீட்டினான். அறிஞ்சிகை அதைத் தொடாமல், மாதுளந்தோல் மூட்டையை எடுக்கப் போனாள்.