பல்லி வாக்கு

மார்கழிக் குளிரில் பல்லி சொல்லாது. பூவாயிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது சேலத்துக் காலேஜில் விலங்கியல் படித்த மகள் கலாவதிதான். "அதுக்குன்னு ஒடம்புல சொந்தச் சூடு கெடையாதும்மா. வெயில்ல இருந்துதான் வாங்கிக்கணும். குளிருன்னா சத்தமில்லாம ஒடுங்கிக் கெடக்கும்" என்பாள். அந்தக் கலாவதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கருமாதிக்கு முதல் நாள், நாகலூர் எஸ்டேட் லைன் வீட்டில் உட்கார்ந்து, "என்ற கண்ணு திரும்பி வருவாளா?" என்று பூவாயி புலம்பியபோது, அந்த மார்கழிக் குளிரிலும் ஓட்டுக்கடியில் பல்லி சொன்னது.

பூவாயி விரலால் தரையைத் தட்டி அந்த வாக்கை வாங்கிக்கொண்டாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்? மறுநாள் கருமாதிச் சாமான்களோடு குப்பனூரிலிருந்து வந்த தம்பி வெங்கடாசலத்தை வாசலிலேயே நிறுத்தினாள்.

"காரியம் வேண்டாஞ் சாமி. புள்ள வருவா. பல்லி சொல்லிருச்சு."

"ஏனுங்க அக்கா, பல்லி பேச்சக் கேட்டுக் கருமாதிய நிறுத்தலாமுங்களா? புள்ள கரை சேராம அலையுமுங்க."

அவள் அசையவில்லை. கலாவதி அவனும் தூக்கி வளர்த்த பிள்ளைதான். பாவம், கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான்.

அன்று சாயங்காலம், காப்பிப்பழத் தோலின் புளித்த வாடையும் ஈர விறகின் புகையும் மூடுபனியோடு சேர்ந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்க, எலிக்கும் பூனைக்கும் இல்லாத கனத்தில் ஏதோ ஒன்று ஓட்டுக்கடியில் வயிற்றை இழுத்து இழுத்து நகர்வதை, பூவாயி அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து வெள்ளையாக ஏதோ மடியில் விழுந்தது. உரித்த தோல். பல்லி சட்டை உரிக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் இது ஒரு கையளவு இருந்தது. அதில் கைரேகை ஓடியது.

மேலே சத்தம் நின்றது. சுவரில் எதுவோ இறங்கியது. தலைகீழாக.

"அம்மா, நொம்பக் குளிருது."

கலாவதியின் குரல்தான். புதைக்கும்போது கட்டிவிட்ட பச்சைத் தாவணிதான்.

பூவாயி அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. விரல்கள் மடங்கின, மடங்கக் கூடாத பக்கமெல்லாம். பல்லிக்கு அறுந்த வால் திரும்ப முளைத்தாலும் அதற்குள் எலும்பு இருக்காது என்று மகள் ஒருநாள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இது கலாவதி இல்லை.

கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். கத்தியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கும். ஆனால் கையை விட்டால் இதுவும் போய்விடுமே. இன்னொரு முறை அவளால் தாங்க முடியாது.

"வா கண்ணு. அம்மா சூடு தாரேன்."

கம்பளியால் மூடி மடியில் போட்டுக்கொண்டாள். மடியிலிருந்து குளிர் ஏறியது. இடுப்புக்கு. நெஞ்சுக்கு. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்குச் சூடு உறைக்கவில்லை.

குனிந்து முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்கள் இமைக்கவில்லை. பல்லிக்கு இமையே கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்பாள் கலாவதி. அவளுடைய கண்ணீர்த்துளி ஒன்று அந்தக் கண்ணிலேயே விழுந்தது. நாக்கு வந்தது. நீளமாக. கண்ணை வழித்தது. பிறகு மேலே நீண்டு, ஆசையாக, பூவாயியின் கண்ணையும் வழித்தது.

அவள் கண்ணை மூடப் பார்த்தாள்.

மூட இமை இல்லை.