ஒன்றரை முழ உயரத்தில்

அடுப்பின் மூடி காலையிலிருந்து ஒருமுறைகூட விழவில்லை.

பின்புறத் தாழ்வாரத்தில் கரியடுப்புக்கு முன்னால் குந்தியிருந்த வல்லிநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றாலத்தில் ஆடிச் சாரல் நான்காவது நாளாக விடாமல் தூவியதில் நடுப்பகலே இருட்டிக் கிடந்தது. சுவரெல்லாம் பூஞ்சை வாடை. தூரத்து அருவியின் இரைச்சல் ஓட்டுக்கூரையில் யாரோ ஓயாமல் மணலைக் கொட்டுவதுபோலக் கேட்டது.

அந்த ஏற்பாடு முழுவதும் அவன் கைவேலை. மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் அவன் ஃபிட்டர். அங்கே கழித்துப்போட்ட கருவியைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். பித்தளைத் தகடும் இரும்புத் தகடும் முதுகோடு முதுகு ஒட்டிய ஒரு பட்டை, அவ்வளவுதான். சூட்டில் பித்தளை இரும்பைவிடக் கூடுதலாக நீளும். ஒட்டிக்கிடப்பதால் தனியே நீள வழியில்லாமல் பட்டையே வளையும். வளைந்தால் சங்கிலி தளர்ந்து அடுப்பின் காற்றுவாய் மூடி விழும், நெருப்பு தணியும். குளிர்ந்தால் பட்டை நிமிர்ந்து சங்கிலியை இழுக்கும்; மூடி திறந்து கரி கனலும். அடுப்பின் புகைக்குழாய் பிரசவ அறையின் குறுக்காக ஓடி, அறையைச் சூடாக்கிவிட்டுக் கூரை வழியே வெளியேறியது. பாயில் படுப்பவர்களின் குளிர்தான் கணக்கு என்று, கருவியைத் தரையிலிருந்து ஒன்றரை முழ உயரத்தில் மாட்டியிருந்தான்.

பதினாறாம் நாள் தீட்டுக் கழியும்வரை அந்த அறைக்குள் அவன் போகக் கூடாது. சுவர்த் துளை வழியே வெளியே வரும் சங்கிலிதான் அவனுக்குக் கண். போன ஆடியில் அந்தக் கண்ணும் இல்லை. தலைச்சன் பெண் பதினோராம் நாள் குளிரில் விறைத்துப்போனாள். பேர் வைக்கும் முன்பே துணியில் சுற்றிக் கதவிடுக்கில் நீட்டினார்கள். மகளை அவன் முதன்முதலாகக் கையில் வாங்கியது அப்போதுதான். ஓடைக்கல் மாதிரி இருந்தாள்.

இந்தப் பையனுக்கு இன்று பதினோராம் நாள்.

“பாலம்மாக்கா, உள்ள குளிருதா?” கதவோரம் போய்க் கேட்டான்.

பிள்ளை பெற்றவளுக்குத் துணையாக வந்திருந்த பாலம்மாள் உள்ளே சிரித்தாள். “குளிரா? நாங்க இங்கன இட்லிகணக்கா வேகுதோம். உம்ம பித்தளைக்குத்தான் ஜன்னி கண்டிருக்கு. கசாயம் வச்சுக் குடுத்துப் பாரும்.”

“கண்ணாடிக் குழாயில பாதரசம் எங்கன நிக்குது?”

“நீரு போட்ட சிவப்புக் கோட்டைத் தாண்டிட்டு.”

அறை சுடுகிறது, கருவி குளிர் என்கிறது. அவனுக்குப் பயம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. கருவி பொய் சொல்லாது. ஆனால் தன்னைத் தொடும் காற்றைத் தவிர வேறெதையும் அது அறியாது. அப்படியானால் அதைத் தொடும் காற்று மட்டும் எங்கிருந்தோ குளிர்ந்து வருகிறது. சங்கிலித் துளையைச் சுற்றித் துணி அடைக்கச் சொன்னான். அடைத்தார்கள். மூடி விழவில்லை. பட்டையைத் துடைத்து எண்ணெய் தடவச் சொன்னான். தடவினார்கள். விழவில்லை. மிஞ்சியது சுவர். நனைந்த வெளிச்சுவரின் ஈரம்தான் ஏமாற்றுகிறது.

“கழத்தி எதிர்ச்சுவர் ஆணியில மாட்டுங்க, சங்கிலி எட்டும். ஏட்டி சங்கரம்மா, பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு நீயும் ஒரு கை பிடி.”

“மடியவிட்டு எறக்கினா சிணுங்குதான்,” என்றாள் அவன் மனைவி.

“ரெண்டு நிமிசம்தான.”

“துரை வெளிய இருந்து ரயில் ஓட்டுதாரு, நாம கரி தள்ளுதோம்,” என்றாள் பாலம்மாள்.

சேலைத் தொட்டிலின் கயிறு உத்தரத்தில் கிரீச்சிட்டது. ஆணியில் கருவி மாட்டும் ஓசை. தளர்ந்த சங்கிலி மெல்ல ஊர்ந்து, மறுபடி விறைத்து நின்றது. அடுப்பு கனன்றது.

எதிர்ச்சுவர் காய்ந்த சுவர். புகைக்குழாய்க்குப் பக்கத்துச் சுவர்.

“அக்கா, பட்டைக்கு முன்னால கை வச்சுப் பாருங்க.”

வளையல் ஓசை சுவரோரமாக மேலிருந்து கீழே இறங்கியது.

“மேல சூடு. கீழ...” பாலம்மாளின் குரலில் சிரிப்பு போயிருந்தது. “கீழ சில்லுன்னு இருக்கு. கொடத்துக்குள்ள கைய விட்டாப்ல. இங்கனக்குள்ள மட்டும்தான். இந்தா, இந்த உயரம் வரைக்கும்.”

“எந்த உயரம்?”

“என் முட்டுக்குக் கொஞ்சம் மேல.”

சங்கரம்மாள் பேசினாள். தனக்குள் கணக்குப் போடுகிறவளின் தணிந்த குரல்.

“இருந்தா இப்ப நடை பழகியிருப்பா.”

சாரல் ஓட்டில் தூவிக்கொண்டிருந்தது. வல்லிநாயகம் சங்கிலியைப் பார்த்தான்.

சங்கிலி தளர்ந்தது.

யாரும் தொடவில்லை. கண்ணி கண்ணியாக இறங்கியது. டக். மூடி விழுந்தது. காலையிலிருந்து முதல்முறை. ‘சரியாயிட்டு’ என்று வாய்வரை வந்தது. ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான் அந்த நிம்மதி.

கருவி பொய் சொல்லாது. தன்னைத் தொடும் காற்றைத் தவிர வேறெதையும் அறியாது.

குளிர் போகவில்லை. அதைவிட்டு நகர்ந்திருக்கிறது.

உள்ளே தொட்டில் கயிறு கிரீச்சிட்டது. கனமாக.

மூடியை உதைத்துத் திறந்தான். கதவைத் தள்ளினான். தீட்டு, பதினாறு நாள், எதுவும் நினைவில் இல்லை.

வெக்கை முகத்தில் அறைந்தது. பாலம்மாளின் கை சுவரோரம் நீட்டியபடியே நின்றது. சங்கரம்மாள் தரையில். வியர்வை வழிய, கண் கொட்டாமல்.

தொட்டில் தரை தொடும் அளவுக்குத் தொங்கியது. பதினோரு நாள் பிள்ளையின் கனம் அல்ல. சேலைக்குள் இரண்டு மேடுகள். சிறியது ஒன்று. அதைச் சுற்றி வளைத்து, பெரியது ஒன்று. துணியில் உள்ளிருந்து ஐந்து சின்ன விரல்கள் அழுந்தியிருந்தன.

அந்த வேகாட்டில், தொட்டிலின் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு எழுந்தது. பனிக்காலை மூச்சுபோல. இத்தனூண்டு.

அவன் அடுத்ததற்காகக் காத்து நின்றான்.

அடுத்தது எழவில்லை. தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, உள்ளிருந்து யாரோ காலால் உந்தித் தம்பியைத் தூங்கவைப்பதுபோல.