வெண்கலத்தின் குரல்வளை ஆறிய விதம்

உலகத்தின் மகத்தான மௌனங்கள் எல்லாம் ஞானத்திலிருந்து பிறந்தவை. வெண்கலத்தின் மௌனம் சக்கரம் வைத்த நாற்காலியிலிருந்து பிறந்தது.

வெண்கலம் என்பது வானொலி நிலையத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர். காலைச் செய்தி வாசிப்பவர். நாளை லேசான மழை பெய்யலாம் என்று அவர் வாசித்தால், ஏதோ சாம்ராஜ்யம் சரியப்போகிறதோ என்று கேட்பவருக்குத் தோன்றும். கிண்டலுக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். வீட்டில் உப்புக் கேட்பதுகூட அதே குரலில்தான்.

நிலையத்தின் நடையில் வாசிப்பாளர்களின் படங்களை மாட்டியிருந்தார்கள். மாலைச் செய்தி வாசிக்கும் இளைஞனின் படம் அவருடையதைவிட ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஒரு விடுமுறை நாள் பிற்பகலில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டையும் மாற்றி மாட்ட அவர் நாற்காலி மேல் ஏறினார். நாற்காலி உருண்டது. திறந்து கிடந்த இரும்பு மேசையின் இழுப்பறை விளிம்பில் தொண்டை போய் மோதியது.

மறந்துவிட்ட கோப்பு ஒன்றை எடுக்க வந்திருந்து, சத்தம் கேட்டு ஓடி வந்த நிலைய இயக்குநர், தரையில் கிடந்தவரைத் தூக்கி உட்கார வைத்து, "யாராவது உள்ள வந்தானா? திருடனா?" என்று கேட்டார். வெண்கலத்துக்குப் பேச்சு வரவில்லை. தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடத் தாம் பொய் சொல்லவில்லை என்று பிற்பாடு அவர் பலமுறை தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். மீதியை இயக்குநரே சொல்லி முடித்தார். ஒலிப்பதிவுக் கருவிகளைத் தூக்க வந்தவனை வெண்கலம் மடக்கிப் பிடித்தாராம். அவன் குரல்வளையில் குத்திவிட்டு ஓடினானாம். திருடன் வந்தான் என்றால் வாசல் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே வாசல் காவலாளியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். வெண்கலத்துக்குப் பாராட்டு விழா என்று முடிவாயிற்று.

காது மூக்கு தொண்டை பார்க்கும் மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் செருகிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கேடயம்போல இருந்தது குரல்வளைக் குருத்தெலும்பு. அதில் அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். நடுவில் ஒரு மயிரிழைக் கோடு.

"சின்ன வயசுல இது ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுக்கும். வயசாக ஆக எலும்பா மாறிடும். இந்த வெள்ளையெல்லாம் அதுதான். உங்களோடது சுட்ட ஓடு, சார். வளையாது, விரிசல் விடும்."

ஒட்டுமா என்று அவர் சைகையில் கேட்டார்.

"ஒட்டும். ஆனா குருத்தெலும்பு திரும்பக் குருத்தெலும்பா வளராது. தழும்புச் சதை வந்து மூடும். அப்புறம் அதுலயும் கொஞ்சம் எலும்பு ஏறலாம். பழசு மாதிரியே இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது."

அந்த உத்தரவைக் கேட்டபோது அவருக்குள் ஏற்பட்ட நிம்மதி, நோயாளிக்கு வருவதல்ல, தப்பியவனுக்கு வருவது. அது அவருக்கே தெரிந்தது. காது சூடாயிற்று.

வீட்டில் முதலில் நடந்தது மிகச் சின்ன விஷயம். சாயங்காலம் விளக்குப் போடாத கூடத்தில், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, மருந்துத் தைலத்தின் நெடி கண்ணைக் கரிக்க, குழாய் சொட்டுவதையும் கடிகாரம் நகர்வதையும் தம் மூச்சு துண்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவதையும் கேட்டபடி அவர் குனிந்திருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்:

"என்ன கேட்டீங்க?"

அவர் ஒன்றும் கேட்கவில்லை. துண்டை விலக்கித் தலையை ஆட்டினார்.

"கேட்ட மாதிரி இருந்துச்சே," என்றாள் அவள். போய்விட்டாள்.

அவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். விரிசல் இருந்த இடத்தில் மெல்லிய மேடு, விரல்நகத்தின் விளிம்புபோல. சன்னல் வழியாக வந்த தெருவிளக்கின் வெளிச்சத்தில், எதிர்ச் சுவரில் அவருடைய நிழல் பக்கவாட்டில் விழுந்திருந்தது. நிழலின் கழுத்தில் அந்த முடிச்சு மேலே ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவர் எச்சில் விழுங்கவே இல்லை.

மறுவாரம் காவலாளி வீட்டுக்கு வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஐயா, பேச வேணாம். எனக்குத் தெரியும். நான் பேசுறேன், நீங்க கேளுங்க. வீட்ல எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை."

வெண்கலம் புன்னகை செய்தார். அவர் முகத்தில் அது சரியாக உட்காரவில்லை.

"அன்னைக்கு ஈ காக்கா உள்ள வரலைங்க. நான் தூங்கிட்டேன்னு சொல்றாங்க. தூங்குறவன்தான், இல்லைங்கல. ஊருக்கே தெரியும். ஆனா அன்னைக்குப் பாருங்க, எனக்குப் பல்வலி. பல்வலியோட எவனாவது தூங்குவானா?" கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "ஒருவேளை பின்பக்கமா ஏறிக் குதிச்சிருப்பான். அப்படின்னு நீங்க ஒரு வரி போட்டாப் போதும். என் வேலை திரும்பக் கிடைச்சிரும். உங்களுக்கும் ஒரு குறைவு வராது."

வெண்கலம் தொண்டையைச் சுட்டிக்காட்டினார்.

"தெரியுதுங்க. எழுதத்தானே கேக்குறேன்."

மேசைமேல் காகிதத் துண்டுகளும் பென்சிலும் கிடந்தன. மேலாக இருந்த துண்டில், அழகான கையெழுத்தில், 'பால் ஆறிவிட்டது, சூடு செய்' என்று எழுதியிருந்தது. காவலாளி அதைப் படித்தார். வெண்கலம் மணிக்கட்டும் வலிப்பதுபோல் கையைத் தடவிக்கொண்டார்.

இருவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மழைச் சத்தம் நின்று நின்று வந்தது.

"யாரும் வரல."

காவலாளி நிமிர்ந்தார். வெண்கலமும் நிமிர்ந்தார். அவருடைய குரல்தான். ஆனால் அதில் வெண்கலம் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்பாரே, அப்படி ஒரு குரல். கழுத்துக்குள்ளிருந்து வந்தது. அவர் உதடுகள் ஒட்டியிருந்தன.

"ஐயா... நீங்க வாயத் திறக்கலையே?"

அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவருக்கே புரியவில்லை. காவலாளி எழுந்தார், இரண்டடி பின்னால் வைத்தார், திரும்பி மழைக்குள் இறங்கினார். குடையை எடுத்துக்கொள்ளவில்லை.

மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆறியிருக்கு. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு எலும்பு ஏறி நான் பாத்ததில்லை. விரிசல் இருந்த இடம்தான் இப்ப உங்க கழுத்துலயே பலமான இடம்." குழாயை உருவிக்கொண்டே கேட்டார்: "யாரோட அவ்வளவு பேச்சு?"

பேசவே இல்லை என்று அவர் எழுதிக் காட்டினார். எழுத வரவில்லை என்று ஒருவரை அனுப்பிய கை அது.

"பொய் சொல்லாதீங்க சார். குரல்நாண் ரெண்டும் சிவந்து வீங்கிக் கிடக்கு. நாள் முழுக்கப் பேசுறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்."

அன்று பிற்பகல் மாத்திரை மயக்கத்தில் தூங்கிப்போனார். எங்கோ வெகு ஆழத்தில், மூடிய திரைகளுக்கு நடுவே, சூடான காற்றின் புழுக்கத்தில், பட்டாணி தோல் உரியும் மெல்லிய சத்தமும் அதன் நடுநடுவே ஒரு பெண்ணின் சிரிப்பும் கேட்டன. தம் மனைவி இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. யாரோ கதை சொல்கிறார்கள். இவள் ரசிக்கிறாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கண்ணைத் திறந்தார்.

யாரும் இல்லை. மனைவி கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் முறத்தோடு, அவர் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழிச்சிட்டீங்களா," என்றாள். குரலில் ஏமாற்றம் இருந்தது.

'யாரிடம் பேசினாய்?' என்று எழுதினார்.

"உங்ககிட்டதான். கொஞ்ச நாளாவே மத்தியானம் பேசுறீங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு மனுஷன்கூடப் பேசுன மாதிரி இருக்கு."

'என்ன சொன்னேன்?' பென்சில் முனை உடைந்தது.

அவள் ஒரு பட்டாணியை உரித்து முடித்தாள்.

"ஏறுறதுதான் ஏறுறீங்க, சக்கரம் இல்லாத நாற்காலியாப் பாத்து ஏறக் கூடாதா?"

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கழுத்தில் அந்த மேடு தலையணையில் அழுந்தியது. அசைந்தது.

"விழாவுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க," என்றாள் அவள், எழுந்துகொண்டே. "அந்த மனுஷனுக்கு வேலை போயிருக்கு. நீங்க சொன்னா ஒரு மன்னிப்போட போயிடும். அந்தக் குரல் ரொம்ப நாள் காத்திருக்காது. எங்கிட்டயே சொல்லிடுச்சு."

அவர் சொல்லவில்லை. விழாவில் பேச வேண்டியதில்லை, கைகூப்பினால் போதும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துணிப் பட்டையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு போனார். படியேறும்போது மூச்சு வாங்கியது.

நிலையத்தின் மண்டபம் நிறைந்திருந்தது. புது வார்னிஷ் வாசனை. விளக்குகளின் சூடு. மின்விசிறிகள் ஒரே சீராக உறுமின. மாலைச் செய்தி இளைஞன் முன்வரிசையில் இருந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன, உண்மையாகவே. இயக்குநர் எழுதி வைத்திருந்ததை வாசித்தார்.

"நம் நிலையத்தின் மானம் காக்கத் தம் குரலையே ஈந்த மாமனிதர்! இவரைப் போன்ற ஒருவர் பேச வேண்டியதில்லை. இவரது மௌனமே பேசும்!"

பேசியது.

"நாற்காலி உருண்டுருச்சு," என்றது. சாதாரணமாக. மண்டபத்தின் கடைசிவரை தெளிவாகக் கேட்டது.

இயக்குநர் திரும்பினார். வெண்கலம் பற்களைக் கடித்தார். உதட்டை மடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

"யாரும் வரல. நான்தான் ஏறினேன். அந்தத் தம்பியோட படம் மேல இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல."

கழுத்தைப் பிடித்தார். ஒரு கை. பிறகு இரண்டு. அழுத்தினார். அழுந்தவில்லை. எலும்பு. துணிக்குள் அது ஏறி இறங்கியது, அவர் விரல்களைத் தள்ளிக்கொண்டு.

"காவலாளி தூங்கல. அவருக்குப் பல்வலி."

இன்னும் இறுக்கினார். மூச்சு நின்றது. காதுக்குள் இரைச்சல். பார்வையின் ஓரம் கறுத்தது. மூச்சு இல்லை. காற்றே இல்லை. குரல் மட்டும் நிற்கவில்லை. நிதானமாக. ஒரு வார்த்தையும் விழுங்காமல். சொல்லி முடித்துவிட்டு, தலைப்புச் செய்திகளைப்போல முதலிலிருந்து மறுபடி தொடங்கியது.

"நாற்காலி உருண்டுருச்சு."

யாரும் அசையவில்லை. அவர் முகம் ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. கண்கள் பிதுங்கின. மூடிய வாய். பேசும் கழுத்து.

தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்த யாரோ ஒருவர், இது ஏதோ வித்தை என்று நினைத்துக் கைதட்டினார். செய்வதறியாமல் இருந்த இன்னும் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

வெண்கலம், கழுத்திலிருந்து கையை எடுக்காமலே, குனிந்து வணங்கினார். இரண்டு முறை.